பிணை மானைச் சுடலாமா?

ஆட்டு மடி வீக்கம், நாய்க்கடி, கன்றுக்குக் கழிச்சல் என்றே கேள்வி வரும் இந்தப் பகுதிக்கு இந்த முறை கடல் தாண்டி மான் வந்திருக்கிறது. ஒன்றல்ல, இரண்டு. கூடவே பன்றி, கொம்பு, நண்டு. முதல் கடிதத்துக்குப் பதில் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மாப்பிள்ளை அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் இருக்கிறார். போன நவம்பர் கடைசியில் ஆபீஸ் நண்பர்களோடு வேட்டைக்குப் போய் ஒரு பெண் மானைச் சுட்டு, அதன் பக்கத்தில் ஆரஞ்சுச் சட்டையோடு முட்டி போட்டிருக்கும் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார். என் மகள் நான்கு மாதம் முழுகாமல் இருக்கிறாள். "பெண்டாட்டி புள்ளத்தாச்சியா இருக்கும்போது பாம்பைக்கூட அடிக்கக் கூடாதும்பாங்க, இவன் தாய் மானைச் சுட்டிருக்கானே" என்று என் மாமியார் (வயது 84) இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மாப்பிள்ளையைக் கேட்டால், "அத்தை, கவர்மென்டே பெண் மானைச் சுடுங்கன்னுதான் பர்மிட் கொடுக்குது" என்கிறார். உண்மையா? ஆண் மானோடு நிறுத்திக்கொள்ளக் கூடாதா? அப்படியே சுட்டாலும் அதற்குக் காலம் நேரம் கிடையாதா? அந்தக் கறியை என் மகள் சாப்பிடலாமா? படத்தை இணைத்திருக்கிறேன்.
— ஓய்வுபெற்ற ஆசிரியை, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: கடைசிக் கேள்விதான் அவசரம் அம்மா, அதை முதலில் முடித்துவிடுகிறேன். மகள் சாப்பிட வேண்டாம். பாவம் புண்ணியத்துக்காகச் சொல்லவில்லை, ஈயத்துக்காகச் சொல்கிறேன். பெரும்பாலான வேட்டைத் தோட்டா ஈயம்தான். அது உள்ளே போனதும் பொடிப்பொடியாகச் சிதறி, காயத்திலிருந்து சாண் தூரத்துக்கு அப்பால் இருக்கும் சதையிலும் கண்ணுக்குத் தெரியாமல் தங்கிவிடும். வடக்கு டகோட்டா மாநிலச் சுகாதாரத் துறையே கர்ப்பிணிகளும் சின்னக் குழந்தைகளும் ஈயத் தோட்டாவில் விழுந்த மான் கறியைத் தவிர்க்கச் சொல்லியிருக்கிறது. மாப்பிள்ளை செம்புத் தோட்டா போட்டிருந்தால் இந்தப் பயம் இல்லை, அப்போதும் நன்றாக வேக வைக்க வேண்டும், அமெரிக்கக்காரர்கள் மாதிரி நடுவில் சிவப்பாக விட்டுச் சாப்பிடுவது இந்த நேரத்தில் ஆகாது. அப்புறம், அங்கே மானை எலும்பும் தோலுமாக்கிக் கொல்லும் சி.டபிள்யூ.டி. என்றொரு மூளை நோய் இருக்கிறது, பென்சில்வேனியாவில் 2012இல் கண்டுபிடித்தார்கள். மனிதருக்கு வந்ததாக இதுவரை நிரூபணம் இல்லை, ஆனாலும் நோய் உள்ள மானைச் சாப்பிடாதீர்கள் என்றுதான் அந்த நாட்டு நோய்த்தடுப்பு மையம் சொல்கிறது. அந்த நோய் உள்ள வட்டாரங்களில் மான் தலையைப் போட்டுவிட்டு வரத் தனியாகப் பெட்டியே வைத்திருப்பார்கள், சோதித்து முடிவு சொல்வார்கள். மாப்பிள்ளை தலையைக் கொடுத்தாரா என்று கேளுங்கள்.

சரி, இப்போது பெரிய கேள்வி.

மாப்பிள்ளை சொன்னது உண்மைதான். அங்கே வாலைத் தூக்கினால் அடிப்பக்கம் வெள்ளையாகத் தெரியும் ஒரு மான் உண்டு, வெள்ளைவால் மான் என்பார்கள். 1900 வாக்கில் அதைக் கறிக்கும் தோலுக்கும் சுட்டுச் சுட்டு அமெரிக்கா முழுக்க ஏறத்தாழ ஐந்து லட்சத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள், பென்சில்வேனியாவில் மானைப் பார்ப்பதே அதிசயமாகி வெளி மாநிலத்திலிருந்து பிடித்து வந்து காட்டில் விட வேண்டியிருந்தது. அப்போதுதான் 1907இல் கொம்புள்ள கிடாவை மட்டும் சுடலாம், பிணையை, அதாவது பெண் மானை, தொடக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். உங்கள் மாமியார் சொல்வதும் அதேதான், அந்தக் காலத்துக்கு அது மிகச் சரியான சட்டம். அடுத்த இருபது ஆண்டில் மான் பெருகி, அதற்கப்புறம் இன்னும் பெருகி, இன்று நாடு முழுக்க சுமார் மூன்று கோடி. அங்கே வருஷத்துக்குப் பத்து லட்சம் வண்டிக்கு மேல் மானில் மோதுகிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மானை அடித்துத் தின்னப் புலி கிடையாது, ஓநாயைப் பென்சில்வேனியாவில் எப்போதோ ஒழித்துவிட்டார்கள்.

காட்டுக்குள் என்ன ஆகிறது என்பதை நம் ஊர்க் கண்ணோடு சொன்னால் உடனே விளங்கும். தானே புயல் 2011 டிசம்பர் 30 காலையில் நம் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில் கரையேறி இருந்த மரத்தையெல்லாம் சாய்த்துப் போட்ட பிறகு, தெருவுக்குத் தெரு கன்று வைத்தோமே, எது மரமாயிற்று? முள்வேலி கட்டினது மட்டும். மீதி ஆட்டு வாய்க்குப் போயிற்று. அங்கே ஒரு மாநிலத்துக் காடே வேலி இல்லாத கன்று மாதிரி நிற்கிறது. மானுக்கு எட்டுகிற உயரம் வரை இலையே இருக்காது, ஓக் கன்று தலைதூக்காது, மான் தொடாத பெரணி மட்டும் பாய் விரித்த மாதிரி கிடக்கும், கிழட்டு மரங்கள் விழுந்தால் அந்த இடத்துக்கு வர வாரிசு கிடையாது.

இந்த நிலையில் ஆணைச் சுட்டு என்ன பிரயோஜனம்? நீங்கள் வாத்தியாரம்மா, கணக்காகவே போடுகிறேன். ஐந்து கிடா, பதினைந்து பிணை இருக்கிற கூட்டம் என்று வையுங்கள். நான்கு கிடாவைச் சுட்டாலும் மிச்சமிருக்கும் ஒன்று பதினைந்தையும் சினையாக்கிவிடும், நல்ல தீனி கிடைக்கும் இடத்தில் பெரும்பாலும் இரட்டைக் குட்டி, அடுத்த ஜூனில் இருபது இருபத்தைந்து குட்டி துள்ளும். அதே நான்கு பிணையைச் சுட்டால் அந்த ஜூனில் ஆறேழு குட்டி குறையும், அந்தக் குட்டிகளின் குட்டியும் சேர்ந்தே குறையும். இருபது இருபத்தைந்து வெள்ளாட்டுக்கு ஒரு கிடா போதும் என்று நாமே சொல்கிறோமே, கிடாவை அறுத்துப் பட்டி குறைந்த கதை எங்கேயாவது உண்டா? நம் ஊர்க் கறிக்கடையில் ஞாயிற்றுக்கிழமை கிடாக்கறிதான் என்று நம்ப வைக்க விதையை அறுக்காமல் தொங்கவிட்டிருப்பார்கள், வாங்குகிறவர் ருசிக்குக் கேட்கிறார், ஆனால் ஆடு வளர்ப்பவன் கிடாவை விற்று பெட்டையை வைத்துக்கொள்வது பட்டி பெருகட்டும் என்றுதான். பெருக வேண்டாம் என்கிற இடத்தில் இந்தக் கணக்கைத் தலைகீழாக்க வேண்டும், வேறு வழியில்லை.

அதற்காக இஷ்டத்துக்குச் சுடவும் முடியாது. மாநிலத்தை வட்டாரமாகப் பிரித்து, இந்த வட்டாரத்தில் இத்தனை கொம்பில்லா மானுக்குத்தான் உரிமம் என்று வருஷா வருஷம் எண்ணிக்கை வைத்துக் கொடுக்கிறார்கள். பென்சில்வேனியாவில் சமீப காலம் வரை அந்த உரிமத்துக்கு ரோஸ் நிற உறையில் விண்ணப்பம் அனுப்ப வேண்டும், உறை கிழிந்தாலோ ஸ்டாம்ப் குறைந்தாலோ திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அங்கே அதற்கென்றே ஒரு புலம்பல் மரபு உண்டு. 2023இலிருந்து ஆன்லைனில் வந்துவிட்டது. மாப்பிள்ளையிடம் இருப்பது அந்தச் சீட்டுதான். மான் குறைந்த வட்டாரத்தில் சீட்டும் குறையும், அங்கே சீட்டு கையில் இருந்தாலும் சுடாமல் வருகிற வேட்டைக்காரர்கள் உண்டு. தன் கொல்லைக்காட்டில் நான்கு தடவை உட்கார்ந்தும் மூன்று மானுக்கு மேல் பார்க்கவில்லை என்றால் பிணையை விட்டுவிட வேண்டும் என்பது என் அபிப்பிராயம். சர்க்கார் எண்ணிக்கை வட்டாரத்துக்குப் போடுவது, அந்த ஒரு காட்டுக்குப் போடுவது அல்ல.

காலம் நேரம் பற்றிக் கேட்டீர்கள். இதற்கு என் சொந்தக் கதை ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் ஊர் ஆடறுக்கும் கூடத்துக்கு என்னைப் போட்டிருந்தார்கள், ஊர்ப் பெயர் வேண்டாம். விடியற்காலை மூன்றரைக்கு ஒற்றை டியூப் லைட் வெளிச்சத்தில் நாற்பது ஆட்டைப் பார்த்து முத்திரை குத்த வேண்டும். அவசரத்தில் நான் வயிற்றைத் தொட்டுப் பார்க்காமல் விட்ட ஒரு பள்ளை ஆட்டை அறுத்தபோது, குடலோடு இரண்டு குட்டி வழுக்கிக்கொண்டு வந்து தரையில் விழுந்தது, மயிர் முளைத்து, குளம்பு மஞ்சள் மெழுகு மாதிரி. அறுத்தவர் என்னைத் திட்டவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் ஒரு பீடி பிடித்துவிட்டு வந்தார், அவ்வளவுதான். நாற்பது வருஷமாகிறது, நான் இன்றும் பெட்டை ஆட்டைக் கண்டால் கை தானாக அடிவயிற்றுக்குப் போகிறது.

இப்போது சட்டமே இருக்கிறது. 2001ஆம் வருஷத்து ஆடறுக்கும் கூட விதிப்படி சினையாக இருக்கும் ஆட்டையும், மூன்று மாதத்துக்குக் குறைந்த குட்டி உள்ள தாயையும், மூன்று மாதம் ஆகாத குட்டியையும் அறுக்கக் கூடாது. அந்த மூன்று மாதத்தைக் கவனியுங்கள். வெள்ளைவால் மான் மே கடைசி, ஜூன் ஆரம்பத்தில் குட்டி போடும். பத்து வாரத்தில் குட்டி இலை தழை தின்று அசைபோடப் பழகிவிடும். வில் வேட்டை செப்டம்பர் கடைசி, அக்டோபரில் தொடங்கும்போது குட்டிக்கு மூன்றரை, நான்கு மாதம், உடம்பிலிருந்த புள்ளிகூட மறைந்திருக்கும். தாய் போனாலும் பிழைத்துக்கொள்ளும், ஏனென்றால் மான் பெண்வழிக் குடும்பம், பாட்டி, சித்தி, அக்கா என்று ஒரே கூட்டமாகத்தான் மேயும். தாய் செத்த பன்றிக் குட்டிகளுக்குச் சிவனே தாய்ப் பன்றியாக வந்து பால் கொடுத்த கதை நமக்குத் தெரியும், அந்த வேலை ஜூனில் தேவைப்படும், நவம்பரில் தேவைப்படாது.

சினை விஷயம் வேறு. அங்கே மான் இணைசேர்வது நவம்பர் நடுவில் உச்சத்தில் இருக்கும், சினைக்காலம் சுமார் இருநூறு நாள். மாப்பிள்ளை சுட்டது தேங்க்ஸ்கிவிங் முடிந்த சனிக்கிழமை துப்பாக்கிப் பருவம் திறந்தபோது என்று நினைக்கிறேன், முன்பு அது திங்கட்கிழமையாக இருந்தது, பல ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு அன்று லீவே விடுவார்கள். அப்போது சினைப்பட்டிருந்தாலும் இரண்டு மூன்று வாரக் கரு, திறந்து தேடினாலும் கண்ணில் படாது. ஜனவரியில் சுட்டால் கருவில் கால் கை தெரியும். எண்ணிக்கைக்கு இரண்டும் ஒன்றுதான் அம்மா. அக்டோபரில் போன பிணையும் ஜனவரியில் போன பிணையும் ஜூனில் குட்டி போடப் போவதில்லை. ஆனால் வயிற்றைக் கிழிக்கிற கைக்கு ஒன்றல்ல, நான் கீழே விழுந்த அந்தக் குட்டிகளைப் பார்த்தவன். அதனால் சுடுவதென்று முடிவானால் முன்பருவத்திலேயே சுட்டுவிடுவது மேல். இன்னொரு லாபமும் உண்டு, அது தின்றிருக்க வேண்டிய குளிர்காலத் தீனி மற்ற மானுக்கு மிஞ்சும். ஒரே சங்கடம் வெயில். செப்டம்பர் கடைசியில் சில நாள் நன்றாகவே சுடும், ஒரு ராத்திரி விட்டுவைத்தால் கறி கெட்டுவிடும், உடனே குடல் எடுத்து ஐஸில் போட ஆள் வேண்டும். பலர் பிணையைக் கடைசி வரை விடுவதற்கு வேறொரு காரணம் சொல்வார்கள்: நவம்பரில் பிணை நிற்கிற இடத்துக்குப் பெரிய கொம்புக் கிடா தேடிக்கொண்டு வரும், அதைத் தூண்டில் புழுவாக வைத்திருக்கலாம் என்று. அது கொம்பு ஆசை, அதற்கு நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

நீங்கள் அனுப்பிய படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். முகம் நீளமாக இருக்கிறது, குட்டியாக இருந்தால் மூக்கு கட்டையாக, உடம்பு சதுரமாக இருக்கும். தலை உச்சி காதுக்கு நடுவில் வளைவாக இருக்கிறது, தட்டையாக இருந்தால் கொம்பு முளைக்காத ஆண் குட்டி என்று சந்தேகப்படலாம், அவசரக்காரர்கள் தனியாக முதலில் வெளியே வருகிற அந்தச் சின்னப் பயலைத்தான் பிணை என்று நினைத்துச் சுடுவார்கள். பின்னங்காலுக்கு நடுவில் மடி சுருங்கி ஒட்டியிருக்கிறது, பால் வற்றிவிட்டது. ஆக, குட்டியைப் பால்குடியில் அநாதையாக்கவில்லை என்று மாமியாரிடம் சொல்லலாம்.

பாம்பு அடிக்கக் கூடாது என்பதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. பாண்டு ராஜா இணைந்திருந்த மானை அம்பெய்து சாபம் வாங்கினது வரை நமக்கு இதில் பழைய பயம் இருக்கிறது, அந்தப் பயம் எத்தனையோ சினை ஆட்டைக் காப்பாற்றியிருக்கிறது, 84 வயதில் அதை வாதாடிப் பிடுங்க வேண்டுமா? மகளுக்குப் பிரசவம் ஆகும் வரை மாப்பிள்ளை துப்பாக்கியைப் பூட்டி வைத்தால் பென்சில்வேனியாக் காட்டுக்கு ஒரு மான் கூடுதல், பெரிய நஷ்டமில்லை. படத்தை வாட்ஸ்அப்பில் போட்டதுதான் தப்பு, நாக்கு வெளியே தொங்குகிறது. கறி மிஞ்சினால் அங்கே விற்க முடியாது, காட்டு மான் கறியை விற்பதே குற்றம், விற்று விற்றுத்தான் ஒரு காலத்தில் மானே இல்லாமல் போயிற்று. ஆனால் 'ஹன்டர்ஸ் ஷேரிங் தி ஹார்வெஸ்ட்' என்று 1991இலிருந்து ஓர் அமைப்பு வேட்டைக் கறியைத் தானமாக வாங்கி இல்லாதவர்களுக்குக் கொடுக்கிறது. மாமியார் பேருக்கு அதைச் செய்யச் சொல்லுங்கள். அன்னதானம் என்றால் அவர் சாப்பிட உட்காருவார்.

கேள்வி: சொந்த ஊர் கடலூர் செம்மண்டலம், இப்போது டெக்சஸில் வேலை. இங்கே நண்பரின் பண்ணையில் நம்ம ஊர்ப் புள்ளிமானே கூட்டம் கூட்டமாகத் திரிகிறது! பெண் மானைக் குறையுங்கள் என்கிறார். கைநடுக்கமாக இருக்கிறது. எந்த மாதம் சுட்டால் குட்டி பாதிக்காது?
— மென்பொறியாளர்

பதில்: அப்படி ஒரு மாதம் கிடையாது தம்பி, அதுதான் புள்ளிமானில் சிக்கல். குளிர் நாட்டு மானுக்குப் பனி வரும் முன் குட்டி வளர்ந்தாக வேண்டும், அதனால் ஊரே சேர்ந்து ஒரே மாதத்தில் ஈனும். நம்ம புள்ளிமானுக்கு அந்த நெருக்கடி இல்லை, வருஷம் முழுக்க சினை, வருஷம் முழுக்கக் குட்டி. 1932இல் டெக்சஸில் கொண்டுபோய் விட்டார்கள், ஹவாயில் அதற்கு முன்பே 1868இல் ராஜாவுக்குப் பரிசாக வந்து மொலோகாய்த் தீவில் இறங்கியது, நம் அந்தமானிலும் வெள்ளைக்காரன் விட்டதுதான், கொல்ல விலங்கு இல்லாத தீவில் அது கன்றுகளைத் தின்று தீர்க்கிறது. சுற்றுலா போனவர்கள் ரோஸ் தீவில் (இப்போது நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு) கையிலிருந்து பிஸ்கட் வாங்கித் தின்னும் மானைப் பார்த்திருப்பீர்கள்.

டெக்சஸில் அதற்குத் தடைக்காலமே இல்லை, வேட்டை உரிமமும் நிலத்துக்காரர் சம்மதமும் இருந்தால் எந்த மாதமும் சுடலாம். அது உனக்குச் சாதகம் என்று எடுத்துக்கொள். நாளையோடு பருவம் முடிகிறதே என்ற அவசரம் இல்லை, இன்று சந்தேகமாக இருந்தால் அடுத்த மாதம் வரலாம்.

பைனாகுலரைப் பெட்டையின் மடியை நோக்கி வை. குட்டி பக்கத்தில் இல்லையே என்று நம்பாதே, பிறந்த கொஞ்ச நாளைக்குத் தாய் குட்டியைப் புல்லில் படுக்க வைத்துவிட்டுத் தனியாகத்தான் மேயும். பின்பக்கமிருந்து பார்க்கும்போது தொடைக்கு நடுவில் மடி வெளுத்துத் தொங்கினால் எங்கேயோ ஒரு குட்டி காது நிமிர்த்திக் காத்திருக்கிறது. மடி ஒட்டிப்போய், வயிறும் பக்கவாட்டில் துருத்தாமல், கூட்டத்தோடு நிற்கிற பெட்டையைத் தேர்ந்தெடு. தாயோடு நிற்கும் குட்டி தாய்க்கு முக்கால் உயரம் வளர்ந்து தானாக மேய்ந்தால் அந்தத் தாயும் சரி. ஸ்காட்லாந்து மலையில் செம்மான் பிணைக்கு அக்டோபர் 21 முதல் பிப்ரவரி 15 வரை என்று காலம் வைத்திருக்கிறார்கள், அதற்குள்ளேயும் குட்டியோடு நிற்கும் தாயைச் சுடுவதானால் முதலில் குட்டியைச் சுடு என்பது அங்கே பழகிப்போன முறை. கேட்கக் கொடூரமாக இருக்கும், பனியில் பட்டினியாக அலைய விடுவதைவிட மேல் என்பது அவர்கள் நியாயம். என்னால் அது முடியாது, உன்னாலும் முடியாது என்று கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது, ஆகவே பால்குடி உள்ள தாயைத் தொடாதே.

இன்னொன்று, கொம்பில்லாததெல்லாம் பெட்டை என்று நினைத்துவிடாதே. புள்ளிமான் கிடா ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதத்தில் கொம்பு உதிர்க்கும், எந்த மாதம் போனாலும் மொட்டைத் தலைக் கிடா ஒன்று இருக்கும். கழுத்து தடித்து, முகத்தில் கருப்பு கூடுதலாக இருந்தால் அது கிடா.

நான் துப்பாக்கி தொட்டதில்லை, சுடுகிற வித்தையை நண்பரிடம் கற்றுக்கொள். கைநடுக்கம் நிற்காவிட்டால் சும்மா காமிராவோடு போய்விட்டு வா, பண்ணைக்காரருக்கு வேறு ஆள் கிடைப்பார்.

கேள்வி: அமெரிக்காவில் மட்டும் நியாயமா? எங்கள் மல்லாட்டை (நிலக்கடலை) கொல்லையைக் காட்டுப்பன்றி தோண்டித் தள்ளுகிறது. குட்டியோடு ஒரு தாய்ப் பன்றி ராத்திரி வந்தால் காலையில் அரைக் காணி காலி. நாங்கள் ஏன் சுடக் கூடாது?
— விவசாயி, பண்ருட்டி வட்டம்

பதில்: உங்கள் கோபம் நியாயம், ஆனால் சுட்டால் உள்ளே போவது நீங்கள். 1972ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே தனியாருக்கு வேட்டை உரிமம் என்பதே இல்லை. புள்ளிமான் மாதிரி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறதைக் கொன்றால் மூன்று வருஷம் வரை ஜெயில், ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பன்றிக்கு மட்டும் 2025இல் தமிழக அரசு தனி வழி வைத்திருக்கிறது: காப்புக்காட்டு எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழிக்கிற பன்றியை வனத்துறை ஆட்களே சுடலாம். நீங்கள் சுட முடியாது, நாட்டுவெடி வைக்க முடியாது, கம்பியில் கரண்ட் விடவே கூடாது, அதில் பன்றியை விட அதிகமாக மாடும் தண்ணீர் பாய்ச்சப் போன மனிதரும் செத்திருக்கிறார்கள். எழுதி மனுக் கொடுங்கள், கொல்லையைப் போட்டோ எடுத்துச் சேருங்கள், நஷ்ட ஈடும் அதே மனுவில் கேளுங்கள். அது வர எத்தனை நாளாகும் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

கேள்வி: எங்கள் பழைய வீட்டுக் கூடத்தில் தாத்தா காலத்துப் புள்ளிமான் தலை ஒன்று கொம்போடு மாட்டியிருக்கிறது. வீட்டை விற்கப் போகிறோம். வாங்குபவர் அதையும் சேர்த்துக் கேட்கிறார். கொடுக்கலாமா? தாத்தா சுட்டது கலையா (ஆண் மானா) பிணையா?
— வாசகர், புதுச்சேரி

பதில்: கூடாது. உரிமைச் சான்றிதழ் இருந்தால் வீட்டில் வைத்துக்கொள்ளலாம், விலைக்குக் கொடுக்க முடியாது. சான்றிதழே இல்லை என்றால் வைத்திருப்பதே வம்பு, வனத்துறையிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். எதற்கும் முதலில் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள், வீட்டுப் பத்திரத்தைப் பார்க்கிறவரே இதையும் பார்ப்பார். தாத்தா சுட்டது கலையா பிணையா என்று கேட்டிருக்கிறீர்கள், கொம்பு இருக்கிறதே ஐயா, புள்ளிமானில் பிணைக்குக் கொம்பு ஏது.

கேள்வி: கடலூர் முதுநகர் துறைமுகத்தில் நண்டு வாங்கும்போது அடிவயிற்றில் கொத்தாக முட்டை ஒட்டியிருக்கும் நண்டைக் கொடுக்கிறார்கள். வாங்கலாமா? சினை நண்டுதான் ருசி என்கிறார் என் வீட்டுக்காரர்.
— இல்லத்தரசி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: உங்கள் வீட்டுக்காரர் சொல்வது வேறு நண்டு. பெண் நண்டைத் திருப்பிப் போட்டால் வயிற்று மூடி அகலமாக, அரைவட்டமாக இருக்கும், ஆணுக்குக் குறுகிக் கூம்பாக இருக்கும். ஓட்டைத் திறந்தால் உள்ளே கெட்டியாக ஆரஞ்சு நிறத்தில் இருக்கிறதே, அதுதான் ருசிக்காரர்கள் தேடும் சினை. மூடிக்கு வெளியே பஞ்சு மாதிரி கொத்தாகத் தொங்குவது போட்டுவிட்ட முட்டை, அதில் ருசி ஒன்றுமில்லை, சமைக்கும்போது எப்படியும் வழித்துத் தூரப் போடுவீர்கள். அந்தக் கொத்தில் லட்சக்கணக்கில் முட்டை இருக்கும். ஆரம்பத்தில் மஞ்சள், அப்புறம் பழுப்பு, பொரிக்கிற சமயத்தில் சாம்பல் கலந்த கருப்பு, குஞ்சுக்குக் கண் வந்துவிட்டது என்று அர்த்தம்.

மானுக்குச் சொன்னதை இங்கே திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கே பெண்ணைக் குறைக்க வேண்டும், நம் கடலில் நண்டு பெருகி யாரும் அவதிப்படவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாமல் கட்டிப்போட்டிருப்பது மீன் குஞ்சு வைக்கட்டும் என்றுதானே. புதுச்சேரிக்கும் அதே நாள்தான், மேற்குக் கரையில் இருக்கும் மாகேக்கு மட்டும் ஜூன், ஜூலை. நண்டு அந்த 61 நாளோடு நிறுத்துவதில்லை, மற்ற மாதத்திலும் முட்டை சுமக்கும். ஆகவே தேதியைப் பார்க்காமல் நண்டைத் திருப்பிப் பாருங்கள்.

வெளியே முட்டை தொங்கினால் வாங்காதீர்கள், ஏன் வாங்கவில்லை என்று விற்கும் அம்மாவிடம் காரணத்தையும் சொல்லிவிடுங்கள். நான் ஒரு முறை அப்படிச் சொல்ல, "வலையிலேயே பார்த்து விட்டுடச் சொல்றேன் சார்" என்றார். அடுத்த ஞாயிறு போனேன், அதே மாதிரி நண்டை முட்டையை வழித்துவிட்டு எனக்கே எடுத்து வைத்திருந்தார்.